தீவில் ஒரு வீடு எத்தனை நாள் தாங்கும்? காலநிலை பாதிப்பை அளக்க ஒரு வழிகாட்டி

ஒரு தீவு ஊர் காலநிலை மாற்றத்தால் எவ்வளவு பாதிக்கப்படும் என்று அளக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது தரையின் உயரத்தைத்தான். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், கரை எவ்வளவு அரித்திருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தீவுகளில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என் வேலை. உயரம் தேவைதான். ஆனால் அதை வைத்துத் தொடங்கினால் மனிதர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

பசிபிக் கடலின் தீவு நாடான துவாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் 101 தீவுகளுடைய பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நாற்பது ஆண்டுகளில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாக அது காட்டியது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய பவளத் துண்டும் மணலும் சேர்ந்து நிலமான கணக்கு அது. அதே துவாலு 2011இல் மழை பொய்த்து, குடிநீர் இல்லாமல் அவசரநிலை அறிவித்தது. பரப்பளவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டாகவே தெரிந்திருக்கும்.

அதனால் நான் முடிந்தவரை எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவருகிறேன்: நாள். தண்ணீர் எத்தனை நாள் வரும், அரிசியும் மாவும் எத்தனை நாள் வரும், கையிருப்புப் பணம் எத்தனை நாள், படகு வராவிட்டால் மருந்து எத்தனை நாள். எல்லாவற்றையும் நாளாக மாற்ற முடியாது, அது வேறு விஷயம். ஆனால் மாற்ற முடிந்தவற்றை மாற்றிவிட்டால், ஊர்க்காரருக்கும் புரிகிறது, அமைச்சகத்தில் கோப்பு பார்ப்பவருக்கும் புரிகிறது. யாரும் விளக்கவுரை கேட்பதில்லை.

தொடங்கும் முன் இரண்டு முடிவுகள்

முதல் முடிவு, இந்த அளவை யார் எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பது. நாடுகளை ஒப்பிடத் தயாரான குறியீடுகள் ஏற்கனவே உண்டு. ஐ.நா. பொதுச் சபை 2024 ஆகஸ்டில் பல்பரிமாண பாதிப்புக் குறியீடு ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஆன்டிகுவா பார்புடா பிரதமர் காஸ்டன் பிரவுனும் நார்வேயின் முன்னாள் பிரதமர் எர்னா சோல்பெர்க்கும் தலைமை தாங்கிய குழு தயாரித்தது அது. தலா வருமானம் கொஞ்சம் கூடிவிட்டது என்பதற்காகவே பல தீவு நாடுகளுக்குச் சலுகைக் கடன் கிடைக்காமல் போகிறது. ஆனால் 2017இல் மரியா புயல் கரீபியத் தீவு நாடான டொமினிக்காவில் ஏற்படுத்திய சேதம், அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த அநீதியைப் பேச அந்தக் குறியீடு மிகவும் அவசியம். ஆனால் எந்தக் கிணற்றுக்கு மேல் மூடி போட வேண்டும், எந்தத் தெருவுக்கு முதலில் தொட்டி கொடுக்க வேண்டும் என்று அது சொல்லாது. அதற்கு ஊர் மட்டத்தில், வீட்டு மட்டத்தில் அளக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

இரண்டாவது முடிவு, எந்தச் சட்டகம் என்பது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2001, 2007 அறிக்கைகளில் பாதிப்பை மூன்றாகப் பிரித்தது: ஆபத்து எவ்வளவு நேராக வந்து படுகிறது, பட்டால் எவ்வளவு வலிக்கிறது, சமாளிக்க என்ன திறன் இருக்கிறது. 2014 அறிக்கையில் அடுக்கு மாறியது. புயல், வறட்சி போன்ற அபாயம் ஒரு பக்கம், அதன் வழியில் இருக்கும் மக்களும் சொத்தும் இன்னொரு பக்கம், வலியும் திறனும் சேர்ந்த பாதிப்புத் தன்மை மூன்றாவது. மூன்றும் கூடினால் இடர். எதைப் பிடித்தாலும் சரி, ஒன்றை மட்டும் பிடியுங்கள். இரண்டையும் கலந்தால் ஒரே புயல் இரண்டு இடத்தில் எண்ணப்படும்.

ஊரின் நினைவைக் கேளுங்கள்

கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன் ஊர்ப் பெரியவர்கள், மீனவர்கள், வீட்டுப் பெண்கள் ஆகியோரிடம் தனித்தனியாக உட்காருங்கள். ஒரு நீளமான தாளில் கோடு போட்டு, நினைவுக்கு வரும் பெரிய நிகழ்வுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டு சொல்லத் தெரியாதவர்கள், மூத்த மகள் பிறந்த வருடம், தேவாலயம் கட்டிய வருடம் என்று சொல்வார்கள். அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அரசுப் பதிவில் இல்லாத, அமாவாசை பௌர்ணமி ஓதத்தோடு (கடல்நீர் ஏற்றத்தோடு) அலை ஏறிக் கிணற்றுக்குள் புகுந்த சம்பவங்கள் இங்கேதான் கிடைக்கும்.

இந்த நினைவே ஒரு பாதுகாப்பு என்பதையும் மறக்க வேண்டாம். இந்தோனேசியாவின் சிமுலுவே தீவில் 1907 சுனாமியின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள்: நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004இல் அந்தத் தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும் இறந்தவர்கள் ஒரு கைவிரல்களில் எண்ணி முடிகிற அளவுக்குக் கொஞ்சம் மேல். சுனாமி காலநிலை விஷயம் இல்லைதான். ஆனால் சமாளிக்கும் திறன் என்ற பத்தியில் பள்ளிப் படிப்பையும் வருமானத்தையும் மட்டும் நிரப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரிக் கதை தெரியும் என்பது எண்ணக்கூடிய ஒன்று. எண்ணுங்கள்.

கையால் அளக்க வேண்டியவை

நல்ல தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். தாழ்வான பவளத் தீவில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பவளத் தீவில் அடியில் ஓட்டை நிறைந்த பழைய சுண்ணாம்புப் பாறை இருப்பதால் அவ்வளவு ஆழம் அநேகமாகக் கிடைக்காது. வறட்சியில் வில்லை மெலிகிறது. அலை ஏறினால் மேலிருந்தும் உப்பு இறங்குகிறது.

உப்பு கூடக் கூட நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று போதும். பையில் வைக்கிற அளவுதான் இருக்கும். தினமும் காலையில், 1,413 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துதிறனின் அலகு) காட்ட வேண்டிய தரக் கரைசலில் முக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றில் வாளியை விட்டு மேலாக மொண்டு அளந்தால் எப்போதும் நல்ல செய்தியே வரும், ஏனென்றால் உப்பு அடியில் இருக்கிறது. கனமான ஒரு போத்தலைக் கயிற்றில் கட்டி, மூடியை இன்னொரு நூலில் இழுக்கிற மாதிரி செய்து, அடியிலிருந்தும் ஒன்று எடுங்கள். ஓதம் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா, கடைசி மழை எப்போது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வருபவரால் எதையும் ஒப்பிட முடியாது. சென்டிமீட்டருக்கு 2,500 மைக்ரோசீமென்ஸைக் குடிக்கத்தக்க எல்லையாகப் பல தீவுகளில் வைக்கிறார்கள். அதைத் தாண்டிய கிணற்றையும் மக்கள் குளிக்க, துவைக்கப் பயன்படுத்துவார்கள். ஆகவே "நல்லது, கெட்டது" என்று இரண்டே கட்டம் போடாமல், எதற்குப் பயன்படுகிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் மழைநீர்த் தொட்டி. இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும், வீட்டுக்காரர் பார்க்கப் போடுங்கள். கூரை 40 சதுர மீட்டர், மாதம் 100 மில்லிமீட்டர் மழை என்றால் விழுவது 4,000 லிட்டர். தெறித்தது, வழிந்தது போக எண்பது சதவீதம் சேரும், அதாவது 3,200 லிட்டர். வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளைக்கு 120 லிட்டர். கிட்டத்தட்ட 27 நாள் வரும். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கூரைக்குக் கீழே போய்ப் பார்த்தால் தொட்டி ஆயிரம் லிட்டர்தான். மழை நின்ற நாளிலிருந்து எட்டு நாள், அவ்வளவுதான் அந்த வீட்டின் தண்ணீர். மழைக் கால்வாய் ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் தொட்டி நிரம்புவதே சந்தேகம். பக்கத்து வீட்டில் மூன்று பேர், ஐயாயிரம் லிட்டர் தொட்டி. அவர்களுக்கு 83 நாள். ஒரே தெரு, ஒரே மழை, ஒரே உயரம். தேசிய வரைபடத்தில் இந்த இரண்டு வீடும் ஒரே நிறப் புள்ளிக்குள் இருக்கும்.

இனி உயரம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள், விண்கல உயரத் தரவுகளை நம்பி இறங்காதீர்கள். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த, பரவலாகப் பயன்படும் தரவில் பிழையே சில மீட்டர் வரும். தென்னையின் உச்சியையும் வீட்டுக் கூரையையும் அது தரை என்று எடுத்துக்கொள்கிறது. மாலத்தீவின் நிலத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அங்கே மூன்று மீட்டர் பிழையுள்ள வரைபடத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? துல்லிய ஜி.பி.எஸ். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும். அமைதியான ஒரு நாளில், பௌர்ணமி ஓதம் உச்சத்தில் நிற்கும்போது தண்ணீர் தொட்ட கோட்டை ஆப்பு அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வீட்டின் வாசற்படி, கிணற்றின் விளிம்பு, கழிவறைக் குழி, பள்ளிக்கூடத் தரை எவ்வளவு மேலே என்று குழாயில் தண்ணீர் நிரப்பி அளந்து போங்கள். உலகளாவிய கடல் மட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு படுத்த வேண்டியிருந்தால் பிறகு செய்துகொள்ளலாம். ஊருக்குத் தேவையானது அந்த ஓதக் கோட்டிலிருந்து எவ்வளவு என்பதுதான்.

பவளப்பாறையைச் சும்மா ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம். அலையை முதலில் உடைப்பதும், மீனுக்கு வீடாக இருப்பதும், தீவுக்கு மணல் கொடுப்பதும் அதுதான். தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட உலக வெப்பம் 1.5 டிகிரி கூடினால் வெப்பநீர்ப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதமும், 2 டிகிரி கூடினால் 99 சதவீதத்துக்கும் மேலும் குறையும் என்று ஐ.பி.சி.சி. சொல்கிறது. நீருக்குள் இறங்கி அளக்க ஆள் இல்லையென்றால், பாறை மேல் மீன் பிடிப்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அதே அளவு மீனுக்கு முன்பு எத்தனை மணி நேரம் ஆகும், இப்போது எத்தனை மணி நேரம்? எரிபொருள் எவ்வளவு கூடியிருக்கிறது? பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் திசை தெளிவாகத் தெரியும்.

வீட்டில் கேட்க வேண்டியவை

நூறு வீட்டுக்குக் கீழே உள்ள ஊர் என்றால் மாதிரி எடுக்காதீர்கள், எல்லா வீட்டுக்கும் போங்கள். தீவில் விடுபட்ட வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அது ஓரத்தில் இருக்கும், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய, நிலம் இல்லாத வீடு. நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியதும் அந்த வீடுதான்.

என் கேள்விகளில் எனக்கு அதிகம் கைகொடுப்பது ஒன்றுதான்: "போன தடவை மழை பொய்த்தபோது முதலில் எதை நிறுத்தினீர்கள், அம்மா?" குளிப்பதைக் குறைத்தோம் என்பார்கள். அடுத்து? தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை. அடுத்து? பக்கத்து வீட்டில் கேட்டோம். அடுத்து? கடையில் கடன். அதற்கும் அடுத்து? அங்கே குரல் தாழும். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தண்ணீருக்கு அனுப்பினோம், படகு இயந்திரத்தை விற்றோம், மூத்தவனை வேலைக்கு வெளியே அனுப்பினோம். இந்த வரிசையை அப்படியே எழுதுங்கள், ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் கழித்துப் போனார்கள் என்பதையும். திரும்ப வாங்கக்கூடியதை விட்டுக்கொடுக்கும் வரை அந்த வீடு சமாளிக்கிறது. திரும்ப வாங்க முடியாததை விற்ற நாளோடு அந்தத் தாக்குப்பிடிப்பு முடிந்துவிட்டது. அந்த நாளைக் குறிப்பதுதான் இந்தக் கணக்கெடுப்பின் உயிர்.

பெண்களிடம் பெண்ணே, தனியாகக் கேட்க வேண்டும். வீட்டுத் தலைவர் தொட்டியின் கொள்ளளவைச் சரியாகச் சொல்வார். தண்ணீர் எந்த மாதம் தீர்ந்தது என்பது சுமந்தவருக்குத்தான் தெரியும்.

வருமானத்தைத் தொகையாகக் கேட்பதைவிட, எத்தனை வழியில் வருகிறது, அதில் ஒரே புயலில் எத்தனை வழி நின்றுபோகும் என்று கேளுங்கள். மீனும் சுற்றுலாவும் இரண்டு வழிபோலத் தெரியும், ஆனால் துறைமுகம் உடைந்தால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் பணம் நின்றுவிடாது என்று சொல்வார்கள். அது வருகிற பாதையையும் கேளுங்கள். தோங்காவில் 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடி கேபிள் அறுந்தபோது வெளியுலகத் தொடர்பே துண்டிக்கப்பட்டது.

மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வி தீவில் பயன்படாது. கடல் கொந்தளிக்கும் மாதத்தில் எத்தனை மணி நேரம், படகே போகாத நாட்கள் தொடர்ந்து எத்தனை என்று கேளுங்கள். நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறதா, பொது நிலமா, யாருடைய வாய்ச்சொல்லில் இருக்கிறார்கள் என்பதும் கட்டாயம். 2017இல் இர்மா புயலுக்குப் பின் பார்புடா தீவின் மக்கள் மொத்தமும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பொதுவில் வைத்திருந்த நிலத்தின் சட்டத்தை மாற்றும் பிரச்சினை அதன் பிறகே வெடித்தது. புயலுக்கு முன் எந்தக் கேள்வித்தாளிலும் நில உரிமை ஒரு காலநிலைக் கேள்வியாக இருந்திருக்காது.

கணக்கு

எண்களை ஒப்பிட எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே கொண்டுவர வேண்டும். தண்ணீர் நாளுக்கு மோசமான எல்லை 0, நல்ல எல்லை 60 என்று வைத்தால், எட்டு நாள் வீட்டுக்கு 60இலிருந்து 8ஐக் கழித்து 60ஆல் வகுக்க 0.87. எண்பத்து மூன்று நாள் வீடு எல்லையைத் தாண்டிவிட்டதால் 0. எண் கூடினால் பாதிப்பு கூடுதல் என்ற திசையை எல்லாக் குறிகாட்டிக்கும் ஒன்றாக வையுங்கள். எல்லைகளை நீங்கள் அளந்த ஊர்களின் அதிகபட்சம் குறைந்தபட்சத்திலிருந்து எடுக்காதீர்கள். நாளை இன்னொரு தீவைச் சேர்த்தால் பழைய மதிப்பெண் எல்லாம் மாறிவிடும். காரணத்தோடு எல்லையை நிலையாக வையுங்கள்: அறுபது நாள் ஏன், அந்தப் பகுதியில் வழக்கமான வறட்சி அவ்வளவு நீளம் என்பதால்.

மேலே சொன்ன இரண்டு வீட்டின் சராசரி 0.43. அப்படி ஒரு வீடு அந்தத் தெருவில் இல்லவே இல்லை. ஆகவே ஊருக்கு ஒரு சராசரி கொடுத்தால், அதன் பக்கத்திலேயே மிக மோசமான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளின் மதிப்பையும் கொடுங்கள்.

ஒரே வீட்டுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. தண்ணீர் 0.9, வருமானம் 0.2, உடல்நலம் 0.1 என்றால் சாதாரணச் சராசரி 0.4. நடுத்தரம் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் தீர்ந்த வீட்டை நல்ல வருமானம் குடிக்கவைக்காது, அதுவும் தண்ணீர் விற்க ஆளில்லாத தீவில். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மூன்றால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.54 வருகிறது. மோசமான கூறு மறையாமல் மேலே தெரிகிறது. ஐ.நா. குறியீடும் இந்த வர்க்கச் சராசரியைத்தான் எடுத்துக்கொண்டது. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

மொசாம்பிக் ஊர்களுக்காக 2009இல் வெளியான வாழ்வாதாரப் பாதிப்புக் குறியீட்டைப் பலரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். குடும்ப நிலை, தொழில், உறவு வலை, உடல்நலம், உணவு, தண்ணீர், பேரிடர் என்ற ஏழு தலைப்புகள் நல்ல பட்டியல்தான். ஐ.பி.சி.சி.யின் பழைய மூன்று பிரிவுகளில் அமைந்த அதன் வடிவத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் ஆபத்திலிருந்து திறனைக் கழித்து, வலியால் பெருக்குவார்கள். ஆபத்து 0.4, திறன் 0.6, வலி 0.2 என்றால் விடை கழித்தல் 0.04. அதே வீட்டில் வலியை 0.9 ஆக்கினால் கழித்தல் 0.18. எண் குறைந்தால் பாதிப்பு குறைவு என்பதால், அதிகம் வலிக்கும் வீடு அதிகப் பாதுகாப்பாகத் தெரிகிறது! திறன் ஆபத்தைவிடக் கூடும் எல்லா இடத்திலும் இது நடக்கும். அந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் கழித்தல் குறி வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதில் சரியான ஒரே விடை கிடையாது. ஊர்க்கூட்டத்தில் ஆளுக்குப் பத்துக் கூழாங்கல் கொடுத்து, படம் வரைந்த தாள்கள் மேல் பங்கிட்டு வைக்கச் சொல்லலாம். அப்புறம் எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எந்த எடை வைத்தாலும் பட்டியலின் உச்சியில் வருகிற வீடுகளுக்கு உதவி கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. எடை மாறினால் இடம் மாறும் வீடுகளுக்கு நேரில் போய் இன்னொரு முறை பேசுங்கள்.

கொடுப்பதற்கு முன்

அறிக்கையை வெளியே அனுப்பும் முன் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். பத்து வீடு உள்ள தெருவில் பெயரை நீக்கிவிட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. "விதவை, ஐந்து பிள்ளைகள், வடகரை" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். வீட்டு அளவிலான வரைபடம் ஊர்க் குழுவின் கையில் இருக்கட்டும். வெளியே போவது தெரு அளவில் போதும்.

"மிக அதிகப் பாதிப்பு" என்ற முத்திரை ஊரைக் காலிசெய்யச் சொல்வதற்கான காரணமாக மாறலாம். இதை மக்களிடம் முன்பே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமம் 2014இல் சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே இடம்பெயர்ந்தது. பனாமாவின் கார்டி சுக்துப் தீவிலிருந்து குனா மக்கள் 2024 ஜூனில் பெருநிலத்துக்குப் போனார்கள். இப்படிப் போன ஊர்களையும் அளக்க வேண்டும். அலை ஆபத்து குறையும், ஆனால் கடலுக்குப் போகும் தூரம், படகு கட்டுமிடம், சொந்தக்காரர் வீடு, கல்லறை எல்லாம் மாறியிருக்கும். அதே கேள்வித்தாளில் தண்ணீர் நாள் கூடியும் மீன் நாள் குறைந்தும் வரலாம்.

ஒருமுறை அளந்த எண் ஒரு நிழற்படம் மட்டும். அதே கிணறுகள், அதே வீடுகள், அதே மாதம், அதே ஓத நிலை என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது திரும்ப எடுக்க வேண்டும். பெரிய புயல் அல்லது அலையேற்றம் நடந்தால் தவணைக்குக் காத்திராமல், ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் கிணறுகளை மட்டுமாவது அளக்க வேண்டும். இதற்கு நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லாதபடி செய்யுங்கள். மீட்டரையும் தரக் கரைசலையும் பள்ளி ஆசிரியரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ விட்டுவிட்டு, இரண்டு பேருக்காவது அளக்கக் கற்றுக்கொடுங்கள். அளவுக் குறிப்பேடு ஊரிலேயே இருக்கட்டும், உங்களுக்கு வேண்டியது அதன் நகல்தான்.